அம்மாவுக்குக் காது நரம்பில் கட்டி: ஆபரேஷனா, காமா நைஃபா?

தென்காசி மகன்:
அம்மாவுக்கு 58 வயது. கொஞ்ச நாளாகவே போனை இடது காதில் மட்டும்தான் வைத்துப் பேசுவார், வலது காதில் ஒரே இரைச்சல் என்பார். அப்புறம் நடையில் தள்ளாட்டம் வந்து எம்ஆர்ஐ எடுத்ததில் வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்கிற காது நரம்புக் கட்டி, 2.6 செ.மீ., மூளைத்தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன்தான் என்கிறார், இன்னொருவர் காமா நைஃப் என்கிற கதிர் சிகிச்சை போதும் என்கிறார். ஆபரேஷன் செய்தால் வாய் கோணிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லியே அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நியூரோ வார்டு நர்ஸ்:
முதலில் அம்மாவிடம் இது புற்றுநோய் இல்லை என்று சொல்லுங்கள். பெரும்பாலும் மெதுவாக வளர்கிற கட்டிதான், யோசிக்க நேரம் இருக்கிறது. காமா நைஃப் கட்டியை எடுக்காது, வளராமல் நிறுத்தப் பார்க்கும். பொதுவாக 3 செ.மீ.க்குள் இருந்தால்தான் அதைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் கதிர் கொடுத்த பிறகு முதல் ஒன்றிரண்டு வருடத்தில் கட்டி கொஞ்சம் வீங்கலாம் என்பதால், மூளைத்தண்டு தொட்டபடி மட்டும் இருக்கிறதா, நன்றாக அழுந்தியிருக்கிறதா என்பதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியமான கேள்வி, அதை இரண்டு டாக்டரிடமும் கேளுங்கள்.

முகத்தைப் பற்றிய பயம் வீண் பயம் இல்லை. கட்டி, கேட்பதற்கும் தள்ளாடாமல் நிற்பதற்கும் உதவுகிற எட்டாம் நரம்பில் முளைக்கிறது, முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, கட்டி வளர வளர அது நாடா மாதிரி மெலிந்து கட்டியின் மேல் பரவிக்கிடக்கும். அதனால்தான் இப்போது முகத் தசைகளில் ஊசி மின்முனை பொருத்தி, நரம்பு எங்கே என்று மானிட்டரில் பார்த்துக்கொண்டே எடுக்கிறார்கள். நரம்பில் ஒட்டிய துளியை வேண்டுமென்றே விட்டுவிடுவதும் உண்டு, அதை அரைகுறை ஆபரேஷன் என்று நினைக்காதீர்கள். "முழுசாக எடுப்பீர்களா" என்பதைவிட "உங்களிடம் இதே அளவு கட்டி எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வருஷம் கழித்து முகம் சரியாக இருக்கிறது" என்று கேளுங்கள். இந்தக் கட்டியை அடிக்கடி எடுக்கிற இடமாகப் பாருங்கள், அதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கொங்குத் தங்கை:
எனக்குக் காதுக்குப் பின்னால் திறந்து எடுத்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்தது உண்மை, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் வாயைவிடக் கண்ணைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் அண்ணா. இமை மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். பகலெல்லாம் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு இமையை டேப் ஒட்டி மூடிவிட்டுத்தான் தூங்குவேன். வீட்டுக்கு வந்த பிறகு மூக்கிலோ காயத்திலோ தண்ணீர் மாதிரி ஒழுகினால் சளி என்று விடாதீர்கள், மூளை நீர் கசிவாக இருக்கலாம், உடனே ஓடுங்கள். கட்டி இருந்த பக்கத்துக் காதில் கேட்கும் சக்தி எனக்குத் திரும்பவில்லை.

தென்காசி மகன்:
ரொம்ப நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தங்கை, வெளியே வெயிலில் போகும்போது கண்ணுக்கு என்ன செய்தீர்கள் என்று அம்மா கேட்கிறார்.

கொங்குத் தங்கை:
பக்கவாட்டிலும் மூடியிருக்கிற கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பைக்கில் போவதைக் கொஞ்ச நாள் விடச் சொல்லுங்கள். காற்றுதான் முதல் எதிரி.