நெப்பந்தஸ் வென்ட்ராட்டா: குடுவை மொட்டிலேயே கருகுகிறது, யோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 6 அங்குலத் தொட்டியில் வென்ட்ராட்டா என்ற கலப்பின நெப்பந்தஸ், அதாவது இலை நுனியில் தொங்கும் குடுவையில் பூச்சி பிடிக்கும் செடி. இலைகள் ஒழுங்காக வருகின்றன, இலை நுனிப் பற்றுக்கம்பியும் நீள்கிறது. ஆனால் அதன் நுனியில் குடுவையாக வேண்டிய மொட்டு பட்டாணி அளவு வந்ததும் பழுப்பாகிக் காய்ந்துவிடுகிறது. காய்ந்த மொட்டு மறுபடி உயிர்க்காது என்பது தெரிந்ததே. இனி வரும் இலைகளைத்தான் காப்பாற்ற வேண்டும்.

வெளிச்சக் குறைவு என்று முதலில் சொல்லிவிடாதீர்கள். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, காலை வெயில் நான்கு மணி நேரம் படுகிறது. புது இலையில் லேசான சிவப்பும் ஏறியிருக்கிறது. வெளிச்சம் போதாத அளவுக்கு நிழல் அதிகமானால் இலை கரும்பச்சையாக, அகலமாக வரும். இது அப்படி இல்லை. காற்றின் ஈரப்பதம் பகலில் 55 சதவீதம், இரவில் 80.

சந்தேகம் தொட்டியில் நிரப்பிய கலவை மேல்தான். பாதி தேங்காய் நார்த்துண்டு, மீதி ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்). ஊற்றுவது ஆர்ஓ தண்ணீர், டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 20. தொட்டி அடியில் வடிவதோ 210! நார்த்துண்டைச் சரியாகக் கழுவாததால் உப்பு இறங்குகிறது போல. உரம் எதுவும் போடவில்லை.

வேர் கறுப்பாக இருக்கிறது, ஆனால் கெட்டியாகத்தான் இருக்கிறது. நெப்பந்தஸுக்கு அது இயல்பான நிறம், அழுகல் இல்லை.

வடிநீர் 50க்குக் கீழே வரும்வரை ஆர்ஓ தண்ணீரை ஊற்றி அலசினால் போதுமா, இல்லை நாரை முழுக்க எடுத்துவிட்டுப் பாசி, பெர்லைட்டில் மாற்றி நடுவதா? மெல்லிய வேர் ஒடிந்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்பதால்தான் தயக்கம். இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.