ஆட்டிசம் இருக்குன்னு ஆபீஸ்ல சொல்லலாமா?

கேள்வி:
எனக்கு 34 வயசு, போன மாசம்தான் ஆட்டிசம்னு டயக்னோஸ் ஆச்சு. ஒரு மீட்டிங் முடிஞ்சாலே ஏன் அடிச்சுப் போட்ட மாதிரி ஆகுதுன்னு இப்பதான் புரியுது. மேனேஜர் நல்லவர்தான், ஆனா சொன்னப்புறம் பார்க்குற பார்வை மாறிடுமோ, ப்ரமோஷன் போயிடுமோன்னு பயமா இருக்கு, சொல்லாம நார்மலா இருக்குற மாதிரி நடிச்சு நடிச்சும் முடியல. யாராவது சொல்லியிருக்கீங்களா?

பதில்:
நான் ரெண்டு வேலையில சொன்னேன். மொத தடவை டீம் முழுக்க ஒரே நாள்ல சொல்லிட்டேன், அது தப்பு, அதுக்கப்புறம் நான் எது செஞ்சாலும் அதோடயே முடிச்சு போட்டாங்க. ரெண்டாவது இடத்துல மேனேஜர்கிட்ட மட்டும், அதுவும் என்ன வேணும்னு சேர்த்தே சொன்னேன். வாய்ல சொல்ற வேலைய மெயில்லயும் போடுங்க, அஜெண்டாவ முன்னாடியே அனுப்புங்க, சத்தமா இருந்தா ஹெட்போன் போட்டுக்கறேன், அவ்ளோதான். சொன்னத திரும்ப வாங்க முடியாது, அதனால அவசரப்படாதீங்க.

பதில்:
2006ல ஐ.நா. ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில 27ஆவது பிரிவு, வேலை இடத்துல நியாயமான வசதி செஞ்சு தரணும்னு சொல்லுது. ஆனா சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், சொல்றதுக்கு முன்னாடி உங்க ஊர் சட்டத்த கண்டிப்பா பாருங்க. எச்.ஆர்.கிட்ட பேசினா அன்னிக்கே பேசினத மெயில்ல எழுதி அனுப்பிடுங்க, நாளைக்கு பிரச்சனைன்னா அதுதான் ஆதாரம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. டயக்னோசிஸ் பேரே எடுக்காம மொதல்ல அஜெண்டா மட்டும் கேட்டுப் பாக்கறேன்.

பதில்:
தாராளமா கேளுங்க, அதுக்கு காரணம்கூட சொல்ல வேண்டியதில்ல.