பாவை ஏந்தல், பாவை இழுவை: உயிர்காப்பு நீச்சலுக்கான கலைச்சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

நீரில் மூழ்குவோரை மீட்கும் திறனைப் போட்டியாக நடத்துவது உயிர்காப்பு நீச்சல். அதன் மகளிர் பிரிவில், மனித உருவப் பாவையை (மானிக்கின்) மீட்டுவரும் ‘மானிக்கின் கேரி’, ‘மானிக்கின் டோ’ ஆகிய இரண்டு போட்டிகளையும் ‘பொம்மை இழுத்தல்’ என்றே எழுதிவிடலாம் என்று நண்பர் ஒருவர் கருத்துரைத்திருந்தார். கோலாலம்பூரில் என் அண்ணன் மகள் இப்பயிற்சி பெறும் குளத்திற்குச் சனிக்கிழமைதோறும் உடன் சென்று பார்த்துவருகிறவன் என்ற முறையில், இதை என்னால் ஏற்க இயலவில்லை.

‘கேரி’ போட்டியில் பாவை முழுவதும் நீர் நிரப்பப்பட்டுக் குளத்தின் அடியில் கிடக்கும். 50 மீட்டர் போட்டியில் வீராங்கனை முதல் 25 மீட்டரை நீந்திக் கடந்து, மூழ்கி, அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, மீதித் தொலைவைக் கையில் பிடித்தபடியே கடக்க வேண்டும். கைவிட்டால் பாவை மூழ்கிவிடும். முகம் கவிழ்ந்த நிலையில் கொண்டுசென்றால் தகுதியிழப்பு. ‘டோ’ போட்டியில் பாவை மிதந்துகொண்டிருக்கும். வீராங்கனை கயிறு கட்டிய நுரை மிதவையைப் பாவையின் உடலைச் சுற்றிப் பூட்டி, கயிற்றின் மறுமுனையைத் தன் தோளில் பூண்டு இழுத்துச் செல்கிறார். இங்கே இழுக்காமல் கையில் பிடித்துக் கொண்டுசென்றால் அதுவே தகுதியிழப்புக்குக் காரணமாகும். ஒன்றில் கடமையாக இருப்பது மற்றொன்றில் குற்றமாக இருக்கும்போது, இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் போட்டி முடிவைப் படிக்கும் தமிழருக்கு என்ன விளங்கும்?

‘கேரி’க்குச் ‘சுமத்தல்’ என்ற பரிந்துரையும் வந்தது. ஆனால் நாம் தலையிலும் தோளிலும் முதுகிலும் சுமக்கிறோம்; முகம் கவிழாதபடி கையில் தாங்குவதற்கு ‘ஏந்துதல்’ என்பதே பொருந்தும். குழந்தையை ஏந்துகிறோம், விளக்கை ஏந்துகிறோம். கீழே விடக்கூடாது என்ற கவனம் அச்சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே ‘மானிக்கின் கேரி’யைப் ‘பாவை ஏந்தல்’ என்றும் ‘மானிக்கின் டோ’வைப் ‘பாவை இழுவை’ என்றும் வழங்கலாம்.

‘பொம்மை’ ஏன் வேண்டாம் என்றால், அது விளையாட்டுப் பொருளை நினைவூட்டுகிறது. ‘உருவபொம்மை’ என்றாலோ செய்தித்தாள் வாசகர் எரிப்புப் போராட்டத்தையே எண்ணுவார். ‘பாவை’க்குப் பெண் என்ற பொருளும் உண்டு என்பதால் ‘மகளிர் பாவை ஏந்தல்’ மயக்கம் தரும் என்று எழுதியவரின் தயக்கம் நியாயமானது. தலைப்பில் ஒருமுறை ‘மீட்புப் பாவை’ என்று விரித்தெழுதினால் அது தீரும். இச்சொல்லை நான் விரும்புவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. சங்கப் பாடல்களில் கடற்கரைச் சிறுமியர் மணலில் செய்த வண்டற்பாவையை அலை கொண்டுபோய்விடுகிறது. நீர் கொண்டுபோன பாவையை இன்று ஒரு பெண் மூழ்கி எடுத்து வருகிறாள் என்பதை அச்சொல் தானாகவே சொல்லிவிடுகிறது.

‘ஆப்ஸ்டகிள் ஸ்விம்’ என்ற போட்டிக்கு வந்த ‘தடைதாண்டும் நீச்சல்’ என்ற பரிந்துரை பிழையானது. 200 மீட்டர் போட்டியில் வீராங்கனை எட்டுமுறை தடைகளுக்கு அடியில் மூழ்கிச் செல்கிறார்; எதையும் தாண்டுவதில்லை. ‘தடையடி நீச்சல்’ என்று எழுதலாமே எனத் தோன்றியது. ஓர் எழுத்து மாறி அச்சானாலும் ‘தடியடி’ ஆகிவிடும் என்பதால் ‘தடைக்கீழ் நீச்சல்’ என்பதை முன்வைக்கிறேன்.

காலில் அணியும் ‘ஃபின்’ என்பதைக் ‘கால்துடுப்பு’ எனலாம். புணர்ச்சி விதிப்படி ‘காற்றுடுப்பு’ என்று சேர்த்தால் காற்று என மயங்கும். எனவே விதியைச் சற்றுத் தளர்த்த வேண்டுகிறேன். ‘ரெஸ்கியூ டியூப்’ உட்குழிவற்ற நுரைப்பொருளால் ஆனது. அதைக் ‘குழல்’ என்னாமல் ‘மீட்பு மிதவை’ என்போம். ‘உயிர்காப்பு’ என்பது ஆயுள் காப்பீட்டை நினைவூட்டுவதாகத் தமிழகத்து அன்பர் கூறினார். மலேசியாவில் நாங்கள் காப்புறுதி என்றே சொல்வதால் அச்சிக்கல் எங்களுக்கு இல்லை.

எஞ்சியிருப்பது ‘சூப்பர் லைஃப்சேவர்’. 75 மீட்டர் நீந்தி, மூழ்கி எடுத்த பாவையை 25 மீட்டர் ஏந்தி, பிறகு கால்துடுப்பும் மிதவையும் பூண்டு 50 மீட்டர் நீந்தி, இன்னொரு பாவையை 50 மீட்டர் இழுத்துவரும் போட்டி அது. ‘மீட்பர் பெருநீச்சல்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘மீட்பர்’ என்றதும் கிறித்தவ அன்பர்களுக்கு இயேசுபிரானே நினைவுக்கு வருவார் என்பதால் கைவிட்டேன். ‘முழுமீட்பு நீச்சல்’ எப்படி இருக்கிறது? பினாங்குக் கடற்கரையில் உயிர்காப்பாளர்களாகப் பணிபுரியும் தமிழர்கள் தங்களுக்குள் வழங்கும் சொற்கள் இருப்பின், அவற்றை அறிந்தவர்கள் தெரிவித்தால், என் சொற்களைத் திருத்திக்கொள்கிறேன்.