நாய்க்குத் தோல் அரிப்பு: வேப்பிலையும் மஞ்சளும் போதுமா?

செவலை: எங்கள் ராஜபாளையம் நாய்க்கு அடிவயிறும் தொடை இடுக்கும் சிவந்து கிடக்கின்றன. ராத்திரி முழுக்க நக்குகிறது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவச் சொல்கிறார்கள். செய்யலாமா?

தோட்டத்துவீடு: தாராளமாகச் செய்யுங்கள். கூடவே வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசி வெயிலில் கட்டுங்கள். எங்கள் ஊரில் காலங்காலமாக இதுதான் வைத்தியம். டாக்டரிடம் போனால் ஊசி, மாத்திரை, ஷாம்பு என்று காசுதான் கரையும்.

வாலாட்டி: கற்பூரம் வேண்டவே வேண்டாம். தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், நக்கினால் வயிற்றுக்கும் போகும். வாந்தியில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய் விடும். நாயின் மேல் எதைத் தடவினாலும் கொஞ்ச நேரத்தில் அது நாக்குக்கு வந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். வெயிலும் கூடாது, சூட்டில் அரிப்பு கூடத்தான் செய்யும்.

தோட்டத்துவீடு: சரி, கற்பூரத்தை விடுங்கள். மாட்டு உண்ணிக்கு வேப்பிலை, வசம்பு, பூண்டு, மஞ்சள் அரைத்துப் பூச கால்நடைப் பல்கலைக்கழகமே சொல்லித் தருகிறதே. அதுவும் தப்பா?

வாலாட்டி: அது மாட்டுக்கு. பூண்டும் வெங்காயமும் நாயின் வயிற்றுக்குள் போனால் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கற்றாழையிலும் தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால் பேதியாக்கும். கைமருந்துதான் வேண்டுமென்றால் ஓட்ஸ் நல்லது. மசாலா, சர்க்கரை சேராத சாதா ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரையுங்கள். ஒரு ஸ்பூன் மாவைத் தம்ளர் தண்ணீரில் போட்டால் பால்போல் கலங்க வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் மேலே ஊற்றி ஊறவிட்டு அலசி, ஈரம் போகத் துடையுங்கள். எரிச்சல் தணியும். ஆனால் நோய் போகாது.

கோம்பைப்பட்டி: எதனால் அரிப்பு என்று பார்க்காமலே மருந்து பேசுகிறோமே! வாலடியைக் கடித்தால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. காது மடல் ஓரம், முழங்கை, அடிவயிறு என்றால் சொறியாக இருக்கலாம். காது மடலை இரு விரலால் மடித்துத் தேய்த்துப் பாருங்கள், பின்னங்கால் தானாகச் சொறிய வருகிறதா? வீட்டில் யாருக்காவது அரிப்பு உண்டா?

செவலை: கால் ஆடுகிறது. மகளுக்கு மணிக்கட்டில் சின்னச் சின்னக் கொப்புளம்.

கோம்பைப்பட்டி: அப்படியென்றால் சொறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம், தள்ளிப்போடாதீர்கள். சொறிப்பூச்சி தோலுக்குள் துளைத்து முட்டையிடும், மேலே பூசும் மஞ்சள் அங்கே எட்டாது. அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதில் பூச்சி சிக்காமலும் போகும், அறிகுறியை வைத்தே மருந்து தருவார்கள். மகளையும் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தோட்டத்துவீடு: எல்லா ஊரிலும் கூப்பிட்ட நேரத்துக்கு டாக்டர் கிடைப்பதில்லை ஐயா. அதனால்தான் வேப்பிலை. வேப்பிலை கொதித்து ஆறிய தண்ணீரை நான் விடமாட்டேன்.

வாலாட்டி: ஊற்றுங்கள், ஆறியிருந்தால் சரி. சொறிக்கு அது மட்டும் போதாது என்பதுதான் என் வாதம். செவலை, வீட்டில் வேறு நாய் இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு எடுங்கள்.