கை உடைஞ்ச பிள்ளைக்கு முதல்ல வலி மருந்தா, எக்ஸ்ரேயா? உங்க அனுபவம் சொல்லுங்க

ஆர்.கே.புரம் அம்மா, டெல்லி:
பொண்ணுக்கு 7 வயசு. சறுக்குமரத்துல இருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேல எலும்பு உடைஞ்சிருச்சு. வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. துப்பட்டாவால கையை நெஞ்சோட சேர்த்துக் கட்டி, ஆட்டோ பிடிச்சு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "பெஹ்லே எக்ஸ்ரே"ன்னு, அதாவது முதல்ல எக்ஸ்ரேன்னு இந்தியில சொல்லி உக்கார வெச்சுட்டாங்க. ஒரு மணி நேரம். வலிக்கு ஏதாவது குடுங்கன்னா, எலும்பு டாக்டர் பாக்கறதுக்குள்ள குடுத்தா வலி எங்கன்னு தெரியாதாம். எக்ஸ்ரே மேஜையில கையைத் திருப்பினப்போ என் தோளைக் கடிச்சுட்டா. குர்த்தாவுல பல் தடம்.

டியூட்டி மாறி ஒரு மலையாளி சிஸ்டர் வந்தாங்க. இவ "வலிக்குது"ன்னு முனகினது அவங்களுக்குத்தான் புரிஞ்சது. ஆறு முகம் வரைஞ்ச அட்டையைக் காட்டினாங்க, சிரிக்கிற முகத்துல ஆரம்பிச்சு அழற முகம் வரைக்கும். இவ கடைசி முகத்துல விரலை வெச்சா. உடனே டாக்டரைக் கூட்டிட்டு வந்து மூக்குல மருந்து அடிச்சு, கைக்குப் பட்டை வெச்சுக் கட்டினாங்க. பத்து நிமிஷத்துல "அம்மா, பசிக்குது"ங்கறா! ஆபரேஷன் இருந்ததால தண்ணிகூடக் குடுக்க விடல, அது வேற அழுகை.

எமர்ஜென்சி நர்ஸ், டெல்லி:
மூக்குல அடிச்சது அனேகமா ஃபெண்டனில்ங்கற கடுமையான வலிக்கான மருந்து. ஊசி வேண்டாம், சீக்கிரம் கேக்கும். எல்லா இடத்துலயும் இருக்காது. இல்லேன்னா எடை பாத்து பாராசிட்டமால், இபுபுரூஃபன், தாங்காத வலிக்கு மார்ஃபின். மருந்து குடுத்தா உடைவு எக்ஸ்ரேல மறைஞ்சுடாது. பிள்ளை அடங்கினாத்தான் விரல் அசையுதா, நாடி ஓடுதான்னு ஒழுங்கா பாக்கவே முடியும். பெரியவங்க மாத்திரையை, முக்கியமா ஆஸ்பிரினை, உடைச்சுக் குடுக்காதீங்க. மாவுக்கட்டு போட்ட பிறகு, மருந்துக்கும் அடங்காம வலி ஏறினாலோ, விரலை நீட்டிவிட்டா துடிச்சாலோ, ராத்திரின்னு பாக்காம திரும்ப வாங்க. உள்ள வீங்கி ரத்த ஓட்டத்தை அடைக்கலாம்.

முனிர்கா அப்பா:
என் பையனுக்கு மணிக்கட்டு எலும்பை நேராக்க கெட்டமின்ங்கற மயக்க மருந்து போட்டாங்க. கண்ணு திறந்தே இருக்கு, கருவிழி ஆடுது, கூப்பிட்டா பதில் இல்ல. நான் கத்தினதுல பக்கத்து பெட்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. அந்த மருந்துக்கு அப்படித்தான் இருக்குமாம். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெளிய நின்னிருப்பேன்.