புதுப் பூச்சியை முதலில் பார்த்தபோது ஆபத்தை எதை வைத்து எடை போட்டீர்கள்?

கொல்லிமலை அடிவாரம்

நாமக்கல் பக்கம் மரவள்ளி சாகுபடி செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வயல்களில் குருத்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடியின் உச்சி கொத்தாக நின்றபோது ஊரில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. “மாவுப்பூச்சிதானே, முன்பும் வந்தது, போய்விட்டது” என்றார்கள். அந்தத் தைரியத்துக்குக் காரணம் உண்டு. 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் படாதபாடு படுத்தியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து வயல்களில் விட்டார்கள். அவற்றில் அசிரோபேகஸ் என்ற குளவி பூச்சியை அடக்கியே விட்டது.

இம்முறை வந்தது வேறு பூச்சி. பழையதன் உடல் மஞ்சள். இதன் மேல்மாவை ஊதிவிட்டுப் பார்த்தால் இளஞ்சிவப்பு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி இது. 2020இல் திருச்சூரில் கண்டறியப்பட்டு, அடுத்து நாமக்கல், சேலம் என்று வந்துவிட்டது. பழைய குளவி இதைத் தொடாது. அதைவிட மோசம், இதில் ஆண் பூச்சியே கிடையாது. பெண் தானாகவே பெருகும். நடுகிற குச்சியான கரணையில் ஒரே ஒரு பூச்சி ஒட்டியிருந்தாலும் வயல் நிறைய அது போதும். செடிக்கு எத்தனை பூச்சி என்று எண்ணி ஆபத்தை அளக்கும் பழக்கத்தின் மேல் எனக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது. இது எதைத் தின்னும், எதில் ஏறி ஊர் விட்டு ஊர் போகும், இதைத் தின்ன இங்கே ஆள் உண்டா என்பதைத்தான் இப்போது முதலில் விசாரிக்கிறேன்.

குஞ்சுகள் காற்றில் பறக்கும் என்கிறார்கள், உண்மைதான். ஆனால் மாவட்டம் விட்டு மாவட்டம் போனது லாரியில் ஏறிய விதைக்குச்சிக் கட்டுகளில்தான் என்பது என் கணிப்பு. நல்ல ரகம் என்றால் எங்கிருந்தாலும் போய்க் குச்சி வாங்கி வருவோம், நம் ஆட்களைப் பற்றித் தெரியாதா!

எனக்கு ஓர் ஆதங்கம். இந்தப் பூச்சி 1970களிலேயே ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்தது. பராகுவேயில் கண்டெடுத்த அனகைரஸ் லோபேசி என்ற குளவியை வைத்து அங்கே அதைக் கட்டுப்படுத்தினார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்திய பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2008இல் பூச்சி தாய்லாந்துக்கு வந்தபோதே குளவியை இங்கே கொண்டுவந்து தயாராக வைத்திருந்தால் என்ன? நமக்கு அது பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு வந்து, ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது 2022 மார்ச்சில்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிக் கீற்று

எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு அண்ணா. 2016இல் தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வந்தபோது தோப்பே எரிந்து போனதைப் போல் இருந்தது. கீற்றின் அடியில் சுருள் சுருளாக முட்டை, மேலே ஒட்டும் தேன்கழிவு, அதன்மீது கரும்பூசணம். ஊடுபயிரான வாழையும் கறுத்தது. பார்க்கச் சகிக்காமல் பலர் மருந்தடித்தார்கள், சிலர் வேரில் மருந்து கட்டினார்கள். இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற குளவி ஏற்கெனவே நம் நாட்டில் இருந்தது. மருந்தடித்த தோப்பில் அதுவும் செத்தது. ஈ மறுபடி எழும்பியது. பக்கத்துத் தோட்டக்காரர் விசைத்தெளிப்பானில் தண்ணீரை மட்டும் பீய்ச்சி, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டிவிட்டுச் சும்மா இருந்தார். அவர் தோப்புதான் முதலில் பச்சைக்குத் திரும்பியது. கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரிவதும் பயிருக்கு ஆபத்தானதும் ஒன்றல்ல என்று அந்த வருடம் புரிந்தது.

மல்பெரி இலை

சும்மா இருப்பது தென்னைக்குச் சரி. எங்கள் நிலைமையைக் கேளுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரியில் ஏறியபோது மருந்தும் அடிக்க முடியவில்லை. அடித்த இலையைப் போட்டால் பட்டுப்புழு செத்துவிடும். அந்தப் பூச்சி பருத்தி, செம்பருத்தி, தேக்கு, ஏன், பார்த்தீனியம் வரை எதையும் விடவில்லை. மல்பெரியை அடியோடு வெட்டிச் சுத்தம் செய்தாலும் வேலியோரப் பார்த்தீனியத்திலிருந்து மறுபடி வந்தது. ஒரே பூச்சிக்கு ஊருக்கெல்லாம் ஒரே மதிப்பெண் போட்டால் எங்களைப் போன்றவர்கள் கணக்கில் வர மாட்டோம்.

பெட்டி சோதிப்பவர்

வெளிநாட்டிலிருந்து வரும் செடி, விதைகளில் பூச்சி, நோய் உண்டா என்று சோதிக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். கொல்லிமலைக்காரரின் கேள்விக்கு வருகிறேன். குளவியும் வெளிநாட்டுப் பூச்சிதான் ஐயா. அது வேறு எதையாவது தாக்குமா என்று பார்க்காமல் உள்ளே விட முடியாது. இன்னொரு சிக்கல், அதை வளர்க்க மாவுப்பூச்சி வேண்டும். மாவுப்பூச்சி இல்லாத நாட்டில் குளவியைத் தயாராக வைத்திருக்க, முதலில் மாவுப்பூச்சியைக் கொண்டுவர வேண்டுமே! காகித வேலையை முன்கூட்டியே முடித்து வைத்திருக்கலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

2003ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, பட்டியலில் இல்லாத விதையோ செடியோ வரவேண்டுமென்றால் இடர் மதிப்பீடு முடிந்த பிறகே அனுமதி. பூச்சி உள்ளே வர வழி உண்டா, நம் வெயிலுக்கு நிலைக்குமா, எவ்வளவு வேகமாகப் பரவும், பரவினால் இழப்பு என்ன என்று பார்ப்போம். அரைத்த மாவில் வரும் ஆபத்தும் வேரோடு வரும் செடியில் உள்ள ஆபத்தும் ஒன்றாகாது. ஆனால் என் அனுபவத்தில் என்னைப் பயமுறுத்தியவை கப்பல் சரக்குகள் அல்ல, பயணிகளின் பெட்டிகள். ஒரு விமான நிலையத்தில் ஓர் அம்மா ஈரத்துணியில் சுற்றிய நாலைந்து குரோட்டன்ஸ் குச்சிகளைப் புடவைக்குள் மடித்து வைத்திருந்தார். சான்றிதழ் கிடையாது. இலையடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. “மகள் வீட்டுச் செடி, சுத்தமானது” என்று கடைசிவரை வாதாடினார். அவரைக் கோபிக்க மனம் வரவில்லை, குச்சிகளை அழித்துவிட்டோம்.

பெரம்பலூர் சோளக்காடு

படைப்புழுவுக்கு எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை. 2016இல் ஆப்பிரிக்கா, 2018 மே மாதம் கர்நாடகம், அதே பருவத்தில் எங்கள் மக்காச்சோளக் குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம். அதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கும் என்றார்கள். இதைத் தடுப்பதில் காசைச் செலவழிப்பது வீண் என்பேன். வரும் என்று தெரிந்த பிறகு அந்த இரண்டு வருடத்தில் விவசாயிக்குப் படமாவது காட்டியிருக்கலாம்.

அம்பாறை

எங்களுக்கும் அதே 2018 கடைசியில்தான் வந்தது. இங்கே இலங்கையில் படைப்புழுவை ‘சேனா’ என்றார்கள். கடல் நடுவில் இருந்தும் பலனில்லை.

மல்பெரி இலை

புதிதாக எதையாவது பார்த்தால் மாதிரியை எப்படிக் கொண்டுபோவது? போன தடவை பாலித்தீன் பையில் எடுத்துப்போனேன், வேளாண் அறிவியல் நிலையம் போவதற்குள் அழுகிவிட்டது.

பெட்டி சோதிப்பவர்

பாலித்தீன் வேண்டாம் அம்மா. இலையைக் காகிதத்தில் சுற்றுங்கள். சில பூச்சிகளைச் சிறு குப்பியில் எரிசாராயத்தில் போட்டுத் தனியாக வையுங்கள். ஆனால் அதற்கு முன் உயிரோடு இருக்கும்போதே இலையோடு படம் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் குப்பிக்குள் போனால் நிறம் மாறிவிடும். எந்தச் செடி, எந்த ஊர், எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். அடையாளம் தெரியும்வரை அந்த வயலிலிருந்து குச்சியோ நாற்றோ யாருக்கும் கொடுக்காதீர்கள், சொந்தக்காரர் கேட்டாலும்.