ரிவால்வர்: பதற்றத்திலும் கை தானா வேலை செய்ய எப்படிப் பழகுறது?

கடையத்துக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மலையடிவாரத்துல தோப்பு வீடு. தற்காப்பு லைசென்ஸ்ல கான்பூர் .32 ரிவால்வர், குழலை முன்பக்கமா மடக்கித் திறக்கிறது, 6 தோட்டா. ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி இடம்) போக வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவைதான் வாய்க்குது. வீட்டுல எப்படிப் பழகலாம்? ஹேமரை (தோட்டாவை அடிக்கிற சுத்தியல்) கட்டைவிரலால ஏத்திச் சுட்டா லேசா இருக்கே, அப்படியே பழகலாமா?

பாளை ரேஞ்ச்:
ஹேமரை ஏத்திப் பழகாதீங்க தம்பி. நெஞ்சு படபடக்கும்போது விரல் நுனியில உணர்வு மங்கிரும். ஏத்தின துப்பாக்கி அந்தக் கையில லேசா தொட்டாலே வெடிக்கும். சுட வேண்டாம்னு ஆனா, நடுங்குற கையால ஹேமரை இறக்குறது அதைவிட ஆபத்து. ட்ரிகரை முழுசா இழுத்தே பழகுங்க.

முதல்ல தோட்டா எல்லாத்தையும் வேற அறையில வச்சுப் பூட்டுங்க. தோட்டா போடுற உருளை, அதாவது சிலிண்டரோட 6 துளையையும் விரலால தடவிப் பாருங்க. அப்புறம் வெடிக்காத டம்மி தோட்டா போடுங்க. வெறும் துளையில அடிச்சா ஹேமர் முனை உடைய வாய்ப்பிருக்கு. குறி வைக்கிற சுவருக்குப் பின்னால ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது.

குழல் மேல ஒரு ரூபாய் நாணயத்தை வச்சு மெதுவா இழுங்க. ஹேமர் விழுந்த பிறகும் நாணயம் நிக்கணும். தினம் 10 நிமிஷம், 25 தடவை போதும். கை அசந்த பிறகு இழுக்குற ஒவ்வொண்ணும் தப்பைத்தான் பழக்கும். வேகத்தைத் தேடாதீங்க, அது பின்னாலேயே வரும். குறி கண்ணுக்குள்ள வர்றவரைக்கும் விரல் ட்ரிகருக்கு வெளிய, துப்பாக்கி உடம்போட ஒட்டியே கிடக்கட்டும். முடிச்சதும் "பயிற்சி முடிஞ்சுது"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டு எழுந்திருங்க. தோட்டா போட்ட பிறகு "இன்னும் ஒண்ணு"ன்னு இழுக்குறதுலதான் விபத்தே நடக்குது.

ரேஞ்சுல 4 தோட்டாவோட 2 டம்மியைக் கலந்து, கூட இருக்கிறவரைப் போடச் சொல்லுங்க. டம்மி வரும்போது குழல் கீழே குனிஞ்சா, வெடிக்கு முன்னாலேயே கை பயந்து அமுக்குதுன்னு அர்த்தம். வலக்கைக்காரருக்குக் குண்டு பெரும்பாலும் இடப்பக்கம் கீழே விழறதும் இதனாலதான்.

அம்பை:
வெடிக்காத தோட்டா வந்தா ரேஞ்சுல குழலைக் குறிப்பக்கமே வச்சு 30 விநாடி காத்திருக்கணும். ஆபத்துல அப்படி இல்லை, உடனே மறுபடி இழுக்கணும். சிலிண்டர் சுத்தி அடுத்த தோட்டா வந்துரும். ரெண்டையும் தனித்தனியாப் பழகுங்க.

சுட்ட பிறகு காலித் தோட்டாவை வெளியேத்த துப்பாக்கியை மடக்குறதைத் தயங்கித் தயங்கிச் செய்யாதீங்க. பாதியில நிறுத்தினா காலித் தோட்டா, அதை வெளியே தள்ளுற நட்சத்திரத் தகடுக்கு அடியில சிக்கி, துப்பாக்கி மூடாது. பட்டுனு முழுசா மடக்கி, காலியைத் தரையில விழ விடுங்க. ஒண்ணொண்ணாப் பொறுக்குற பழக்கம் கையில ஏறினா ஆபத்துலயும் கை அதையேதான் செய்யும்.

எண்ணெயைத் துணியில தொட்டு லேசாத் துடைச்சாப் போதும். வழியவிட்டா தோட்டாவோட பிரைமர்ல (அடிபட்டதும் பத்திக்கிற பகுதி) இறங்கிரும். ஐப்பசி மழையில தோலுறைக்குள்ளயே வச்சா துரு பிடிக்கும். தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சு வாங்கினதும் குழலைக் கண்ணால பார்த்துட்டுத்தான் தோட்டா போடணும்.

பாளை ரேஞ்ச்:
ஒண்ணு விட்டுப்போச்சு. "நில்லு!"ன்னு கத்துறதையும் சேர்த்துப் பழகுங்க. பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் தண்டனைச் சட்டம்) 37-வது பிரிவுப்படி, போலீஸ் உதவி தேட நேரம் இருந்தா தற்காப்பு உரிமை இல்லை. தேவைக்கு மேல காயம் ஏற்படுத்தவும் கூடாது. அதனால சுடாம குழலை இறக்கி, ட்ரிகர்ல இருந்து விரலை எடுக்குறதையும் அதே 25-க்குள்ள 5 தடவை செய்யுங்க.